ஐந்து என்று சொன்னேன்

என் மனைவி மதுமதி என்னை ஒருநாளும் "டா" போட்டுக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு வருடமும் "ஏனுங்க", "வாங்க", "சாப்பிடறீங்களா" தான். அவள் ஆத்தூர்க்காரி. அந்தப் பக்கம் இத்தனை "ங்க" கிடையாது. கல்யாணமாகி நாமக்கல் வந்த பிறகு எங்கள் வீட்டுப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். யோகேஷிடம் போனில் பேசும்போது மட்டும் ஆத்தூர் திரும்பிவிடும். "டேய், என்னாடா சொல்ற? லூசாடா நீ?" என்று சிரிப்பாள். நான் பக்கத்து அறையில் செய்தித்தாளின் ஒரே பத்தியை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருப்பேன்.

யோகேஷ் பாலிடெக்னிக்கில் அவளுக்கு இரண்டு வருடம் இளையவன். ஆத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். அவளை அக்கா என்பான், என்னை மாமா என்பான். அக்கா என்று கூப்பிடுகிறவன் மேல் பொறாமைப்பட்டதாக எழுதக் கை கூசுகிறது. ஆனால் பட்டேன். அது சந்தேகம் இல்லை. சந்தேகம் என்றால் கேட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கலாம். "அவன்கிட்ட சிரிக்கிற மாதிரி என்கிட்ட ஏன் சிரிக்க மாட்டேங்கற" என்று எப்படிக் கேட்பது?

மதுமதி லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் படம் செய்து கொடுத்தாள். கட்டி முடித்த பிறகு வண்டி எப்படி இருக்கும் என்று உரிமையாளர் முன்கூட்டியே எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். ஒரு படம் கம்ப்யூட்டரில் முழுதாக உருவாகி வர மூன்று மணி நேரம் பிடித்தது. அந்த நேரத்தைக் குறைக்கத்தான் புராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்ட ஆரம்பித்தாள். ஒரே நாளில் செய்துவிடக்கூடியது இல்லை அது. வேகத்தை ஒரு படி ஏற்றுவாள், வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டுவாள், சோதனை ஓட்டுவாள், நின்றுபோனால் ஒரு படி இறக்குவாள். எல்லாவற்றையும் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்தாள். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி நேரச் சோதனை நிற்காமல் ஓடி முடிந்தது. நான் கதவோரம்தான் நின்றிருந்தேன். அவள் போனை எடுத்து, "டேய், தாங்கிடுச்சுடா! ஆறு மணி நேரம்!" என்றாள்.

நானும் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் கோழித் தீவன ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர். எண்களைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. "அதென்ன, எனக்கும் சொல்லு" என்றேன். மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே உள்ளே நுழைகிற பயாஸ் திரையில் லோடு லைன் என்று ஓர் இடத்தைக் காட்டினாள்.

"லோடு ஏத்துனா வண்டி தொய்யுதில்லீங்க, அதுக்கு ஸ்பிரிங் பட்டை சேத்துப் போடறாங்கல்ல? அந்த மாதிரிங்க. புராசஸருக்கு வேலை கூடறப்ப வோல்டேஜு தொய்யாம இது தாங்கும். நான் அஞ்சுல வெச்சிருக்கேன். ரெண்டுல வெச்சா சும்மா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாதுங்க. பெரிய வேலை குடுத்தா உழுந்துரும்."

அவ்வளவுதான் நான் கற்றது. அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது ஐந்தை இரண்டாக்கினேன். கெடுக்கும் எண்ணமில்லை. கம்ப்யூட்டர் இரண்டு தடவை நின்றுபோகும், அவள் திகைப்பாள், "நான் பார்க்கறேன் இரு" என்று நான் உட்கார்ந்து சரி செய்துவிடுவேன். அப்போது அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும். நாற்பது வயதில் ஒருவன் போட்ட திட்டம் இது.

முதல் தடவையிலேயே கம்ப்யூட்டர் நின்று நீலத்திரை வந்தது. படம் பாதியில் போயிற்று. நான் சட்டையை மாட்டிக்கொண்டு அறைக்குள் வருவதற்குள் அவள் யோகேஷுடன் பேசிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பதினேழு நாள். தினமும் இரண்டு, மூன்று போன். மெமரியைச் சோதித்தார்கள். பவர் சப்ளையை மாற்றினார்கள். புதியதை அவன் ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் போட்டனுப்பினான். வோல்டேஜைப் பார்த்தார்கள், அது டைரியில் இருந்தபடியே இருந்தது. நான் பிடுங்கிய பட்டைகளை யாரும் குனிந்து பார்க்கவில்லை. அவர்களைப் பிரிக்க நினைத்தவன் அவர்களுக்கு ஓயாத பேச்சை வாங்கிக் கொடுத்திருந்தேன். பட்டறைக்காரர் கருப்பண்ணன் வேறு தினமும் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, அம்மிணி படம் தருமா, இல்ல வண்டிய நான் மனசுலயே பார்த்துக்கோணுமா?"

பதினேழாம் நாள் அவள் குளிர்விக்கும் விசிறியைக் கழற்றி, புராசஸர் மேல் புதுப் பசை தடவி, திரும்ப மாட்டினாள். விரலெல்லாம் சாம்பல் நிறப் பசை. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சித்த அந்த பட்டனைத் தட்டுங்க, பயாஸ் வரட்டும். கையக் கழுவிட்டு வாரேனுங்க" என்று குழாயடிக்குப் போனாள்.

யோகேஷ் கேட்டான். "மாமா, நீங்களா இருக்கீங்க? அந்த லோடு லைன் எத்தனைல இருக்குன்னு பாருங்க. எனக்கென்னமோ அதுலதான் டவுட்டு."

திரையில் இரண்டு இருந்தது. அப்போது ஐந்தாக்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். "ரெண்டுல இருக்குதப்பா" என்றிருந்தாலும் முடிந்திருக்கும். எப்படியோ மாறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கண்டுபிடித்தவன் அவனாகியிருப்பான். "டேய், நீ பெரிய ஆளுடா" என்று அவள் சொல்வது என் காதில் அப்போதே விழுந்தது.

"அஞ்சு" என்றேன்.

மதுமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "லோடு லைனப் பாக்கச் சொன்னேன்க்கா, மாமா அஞ்சுங்கறாரு" என்றான் அவன்.

"அவரு பாத்துட்டாருல்ல, அப்புறமென்னாடா" என்றாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாய்ச்சொல்லே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்று மாலை எல்லாவற்றையும் கம்பெனி வேகத்துக்கே திருப்பிவிட்டாள். "சிப்பு மேல தப்பில்லீங்க. நான்தான் கணக்குத் தெரியாம ஆடிட்டேன்" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து போன் குறைந்தது. பிறகு தீபாவளி, பொங்கல் என்று ஆனது. நான் விரும்பியது கிடைத்துவிட்டது. ஆனால் என்னிடம் பேசவும் அவளுக்குப் புதிதாக எதுவும் இருக்கவில்லை. படம் முடித்துப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன், "ஒருக்கா பாத்துருங்க, எங்காச்சும் தப்பு இருக்கும்" என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் அப்படிக் கேட்டதே இல்லை. தப்பு எதுவும் இருக்காது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். "நல்லா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன். இரண்டு வருடம் அப்படிப் போனது.

போன ஆவணியில் அவளுக்கு மூளைக்குள் ரத்தக் கசிவு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கண் திறக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மூன்றாவது மாதம் யோகேஷ் வந்தான். "அக்கா பண்ண படமெல்லாம் ஒரு காப்பி எடுத்துத் தரேன் மாமா. மெசினு என்னிக்கிருந்தாலும் போயிடும்" என்றான். படங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது அலமாரியிலிருந்த டைரியை எடுத்துப் புரட்டினான். அவள் கையெழுத்தைத் தடவிப் பார்த்தான். அப்போதும், நான் வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அதை அவன் கையிலிருந்து பிடுங்கலாம் போலிருந்தது.

"அக்கா வெச்ச வேகத்துல ஒரே ஒருவாட்டி ஓட்டிப் பாக்கலாமா மாமா?"

காப்பி முடிந்ததும் பயாஸுக்குள் போய், டைரியில் இருந்தபடி ஒவ்வொரு எண்ணாகப் போட்டான். லோடு லைனில் ஐந்து. சோதனையை ஓட விட்டான். நான் டீ போட்டு வந்தேன். அரை மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். விசிறி சீராக இரைந்துகொண்டே இருந்தது.

"தாங்குது மாமா" என்றான். "அக்கா போட்டது அத்தனையும் கரெக்ட்டு. அப்போ எதுக்கு..." பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தான். "அன்னிக்கு நீங்க அஞ்சுன்னு சொன்னீங்க இல்ல?"

"ரெண்டுதான் இருந்துச்சு. மாத்தி வெச்சது நான்."

"எதுக்கு மாமா?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருந்தீங்க. அதுக்கு."

அவன் டம்ளரைத் தள்ளி வைத்தான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தப்பு தன்னோடதுன்னே நெனச்சுட்டுப் போயிடுச்சா?"

நான் தலையாட்டினேன்.

சோதனையை நிறுத்தினான். காப்பி எடுத்ததை என்னிடம் கொடுத்தான். டீயைக் குடிக்கவில்லை. செருப்பை மாட்டினான், வண்டியை எடுத்தான், போய்விட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் "போய்ட்டு வாரேன்" என்று சொல்லாமல் எழுந்து போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் மூன்று மாதமாகிவிட்ட வீடு இது. அவன் சொல்லிக்கொண்டு போயிருக்கலாம்.