தைலத் தோப்பில் ஒரு மரவீடு

சரோஜம்மாளுக்குத் தனியாக ஓர் அறை வேண்டியிருந்தது. வீட்டில் அவள் கணவர் கோவிந்தப்பன் காலையிலிருந்தே டிவியை அலற விட்டுக்கொண்டிருந்தார். ஓசூர் பக்கம் தளியில், காட்டை ஒட்டி அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தைலமரத் தோப்பு உண்டு. அதற்குள் மரப்பலகையால் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு, பகலில் அங்கே போய்ப் படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

"அதெல்லாம் ரெண்டு ஞாயித்துக்கிழம வேல" என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லி மாட்டிக்கொண்டவன் அவள் மருமகன் மாதவன். சாத்தூர்க்காரன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. மரவீடு கட்டும் வீடியோக்கள் நிறையப் பார்த்திருந்தான்.

ஒரே ஒரு சிக்கல். சரோஜம்மாள் மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். அது அவள் மரியாதை. கல்யாணமாகி மூன்று வருஷமாக எல்லாம் மகள் மேகலா மூலம்தான். "மாப்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுடி" என்பாள், மாப்பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். மேகலாவுக்கோ ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு. ஆகவே தோப்பில் அந்தப் பொறுப்பு நாய் ஜிம்மிக்கு வந்தது.

"ஜிம்மி, அந்த மூல கம்பம் கோணலா நிக்குதுன்னு சொல்லு."

"ஜிம்மி, அது நேராத்தான் இருக்குன்னு அத்தகிட்ட சொல்லு."

ஜிம்மி இருவரையும் மாறி மாறிப் பார்த்து வாலை ஆட்டியது.

இரண்டாவது ஞாயிறு மதியத்துக்குள் கூரைத் தகரம் ஏறிவிட்டது. கம்பெனியில் சரக்கு அடுக்கும் பழைய பேலட் பலகைகளில் மூன்று பக்கச் சுவரும் முடிந்தன. வெளியே வெயில் காய்ந்ததால், நான்காவது சுவரை மாதவன் உள்ளே நிழலில் நின்றபடியே அடிக்கத் தொடங்கினான். கதவுக்கு இடம் விடவேண்டியது அந்தப் பக்கம்தான். அவன் அதை மறந்தே போனான். சரோஜம்மாள் பார்த்துவிட்டாள். சொல்லலாம் என்றால், ஜிம்மி ஒரு முயலைத் துரத்திக்கொண்டு போயிருந்தது.

"ஜிம்மி! ஏ ஜிம்மி! சீக்கிரம் வா!" என்று கத்தினாள்.

அத்தை நாயைத் தேடுகிறாள் என்று எண்ணி, மாதவன் கடைசிப் பலகையையும் முடுக்கினான். திரும்பிப் பார்த்தான். நாலு பக்கமும் சுவர். ஸ்க்ரூ முடுக்கும் மிஷினில் சார்ஜும் தீர்ந்திருந்தது.

அப்போது பக்கத்துத் தோட்டத்துச் சென்னப்பன் கன்னடத்தில் கத்துவது கேட்டது. "ஆனெ பந்த்து! ஆனெ!"

ரோட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய யானையும் குட்டியும் வந்துகொண்டிருந்தன. சரோஜம்மாள் மரவீட்டைச் சுற்றி ஓடினாள். ஒரு சுற்று முடிந்ததும் மூன்று வருஷ மரியாதை காற்றில் போனது.

"யோவ் மாப்ளே! வாசல் எங்கய்யா?"

"மறந்துட்டேன் அத்தே!"

"பலகைய ஒதைங்க! நல்லா ஒதைங்க!"

"ஒதைச்சுட்டுத்தான் இருக்கேன். ரொம்ப ஸ்ட்ராங்கா போட்டுட்டேன் அத்தே!" அந்த நேரத்திலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

சரோஜம்மாள் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து இடுக்கில் கொடுத்து நெம்பினாள். அடியில் இரண்டு பலகைகள் பெயர்ந்தன. தலையை நுழைத்தாள், இடுப்பில் சிக்கிக்கொண்டாள். மாதவன் "மன்னிச்சிக்கோங்க அத்தே" என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டான்.

யானை வந்தது. வெளியே வைத்திருந்த வாழைச்சீப்பைத் தின்றது. பிறகு முதுகை மூலைக் கம்பத்தில் சாய்த்து ஆற அமரச் சொறிந்துகொண்டது. வீடு முனகியது, தகரம் குதித்தது. மாதவன் கண்ணை மூடிக்கொண்டான். சரோஜம்மாள் மூடவில்லை.

"மாப்ளே" என்றாள் ரகசியமாக. "கம்பம் இப்பத்தான் நேராச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டான். அவளும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

யானைகள் காட்டுக்குத் திரும்பிய பிறகும் இருவரும் வெளியே வரவில்லை. சரோஜம்மாளிடம் சொல்ல நிறைய இருந்தது. அவன் பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த சட்டை நன்றாகவே இல்லை என்றாள். ரசத்தை அவன் ஒருநாளும் பாராட்டியதில்லை என்றாள்.

"நல்லாத்தான் இருக்கும் அத்தே. ஆனா அத ஒங்க மககிட்டச் சொன்னா, அவ தன்னோடத விட நல்லா இருக்கான்னு சண்டைக்கு வாரா."

"அதுவா சங்கதி?" சரோஜம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு வாசல் வெட்டிக் கதவு மாட்டினார்கள். கதவு உள்ளே திறப்பதா, வெளியே திறப்பதா என்று அரை மணிநேரம் நேரடியாகவே சண்டை நடந்தது. சரோஜம்மாள் ஜெயித்தாள். வேலை முடிந்ததும், புதுப் பாயை விரித்து முதலில் படுத்தவன் மாதவன். படுத்ததும் குறட்டை.

சரோஜம்மாள் வெளியே ஒரு கட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். தோப்போரமாகப் போன சென்னப்பன், "வீடு முடிஞ்சிருச்சாக்கா?" என்று கேட்டார்.

"சத்தம் போடாதய்யா!" என்று தோப்பே அதிரச் சொன்னாள். "எங்க மாப்ள தூங்குறாரு!"

உள்ளே மாதவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான்.