தண்ணீரை மேலே ஏறச் சொன்னவர்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் மாட்டுக்கொட்டகை முற்றத்தில் வருஷக்கணக்காகத் தண்ணீர் தேங்குகிறது. அதைச் சரிசெய்ய மகள் ஒரு குழாய்க்காரரை அழைத்து வந்தாள். முற்றத்துத் தண்ணீரை வயலுக்கு விட மண்ணுக்குள் போட்டிருந்த பழைய குழாயை அவர் தோண்டிப் பார்த்தார்.

"இதப் போட்டவரு தண்ணிய மேல ஏறச் சொல்லியிருக்காரு!"

"எங்கப்பாதான்," என்றாள் மகள். "பாவம், மனுஷனுக்கு மட்டம் பாக்கவே வராது."

அந்த மனுஷன் என் கணவர். இறந்து எட்டு மாதம் ஆகிறது.

2

அந்தக் குழாயைப் போட்ட நாளை எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது." பொய். நல்ல வெயில். [பழியை மழையின் தலையில் கட்டப் பார்த்தேன்.]

இரண்டாவது தொடக்கம்: "அன்று நான்"

இதற்கு மேல் கை ஓடவில்லை. ஆகவே 'அவள்' என்று எழுதுகிறேன்.

3

அவள் கோபமாக இருந்தாள். காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் அவர், "இவளுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்த நேரத்துல கன்னுக்குட்டிக்குக் கத்துக்குடுத்திருக்கலாம்" என்று சொல்லிச் சிரித்திருந்தார்.

மட்டம் பார்க்க அவர்களிடம் இருந்தது தண்ணீர் நிரப்பிய நீள டியூப் ஒன்றுதான். ஒரு முனையை அவர் கொட்டகை வாசலில் பிடித்தார். மறுமுனையை அவள் வயலோரத்துக் குச்சியோடு சேர்த்துப் பிடித்தாள். டியூபுக்குள் தண்ணீர் ஏறி இறங்கி ஆடும். அது அசையாமல் நின்றால்தான் இரண்டு முனையிலும் ஒரே மட்டம்; நின்றபிறகு அந்த உயரத்தில் குச்சியில் கோடு போட வேண்டும். அதிலிருந்து அளந்துதான் குழாய்க்குச் சரிவு கொடுப்பார்கள்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"என் கண்ணு இன்னும் அவிஞ்சு போகல. வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

"அம்மா தாயே, கோட்டப் போடு!"

தண்ணீர் ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் கோட்டைப் போட்டாள்.

4

குழாயின் வயல் முனை நான்கு விரல் உயரமாக அமைந்துவிட்டது. முதல் மழைக்கே முற்றம் குளமானது. மாடுகளுக்குக் குளம்பு அழுகியது. அவர் மறுபடி தோண்டினார், மறுபடியும். மூன்று முறையும் அதே குச்சியிலிருந்துதான் அளந்தார். தன் கையைச் சந்தேகப்பட்டார், அவள் கோட்டை அல்ல. "எனக்குத்தான் பார்வை பிசகுது போல" என்று கண் டாக்டரிடம் போய் வந்தார்.

[கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அன்றைக்காவது அவள் சொல்லியிருக்க]

[அவர் போனது மாரடைப்பில். இந்தக் கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை எழுதவேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் எழுதியிருக்கிறேன்.]

5

முடிவு ஒன்று: குழாய்க்காரர் சிரித்த உடனே அவள், "அது என் தப்புங்க, அவரு தப்பில்ல" என்றாள்.

எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. நடந்தது வேறு. அவளும் சேர்ந்து சிரித்தாள். டீ வேண்டுமா என்று கேட்டாள். குழாய்க்காரர் இந்தக் கதையை அடுத்த கொட்டகையிலும் சொல்வார். அங்கேயும் நாலு பேர் சிரிப்பார்கள்.

முடிவு இரண்டு: மகள் சேற்றுக்காலைக் கழுவிவிட்டு உள்ளே வருகிறாள். என் எதிரில் உட்காருகிறாள். "என்னம்மா எழுதுற?" என்கிறாள்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்கவில்லை என்று முடித்தாலும் மறுக்கமாட்டேன். திறந்தேன் என்று முடிப்பவர்கள் முதல் வார்த்தை என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். எனக்கு அதுதான் வரவில்லை.