தேன்சிட்டுக்கு எந்த அட்டை?

1

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தது என் அண்ணி. "சும்மா எதையெதையோ எழுதிட்டிருக்கியே, உங்கண்ணனைப் பத்தி எழுது. அப்பவாவது மனுஷன் வாயைத் திறக்கிறாரான்னு பாப்போம்" என்றார். அண்ணன் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவர். சில நாளாக வேலைக்குப் போகாமல், நிற அட்டைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தோட்டத்துத் தேன்சிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் காய்ச்சல் என்றார். தொட்டுப் பார்த்தால் நெற்றி ஜில்லென்று இருந்தது.

முதல் வரி இப்படி எழுதினேன்: பொன்னிற விடியலில் ஒரு சின்னஞ்சிறு பறவை தன்

(நிறுத்திவிட்டேன். பொன்னிறம் என்றால் அட்டையில் எத்தனையாவது என்று அண்ணன் கேட்பார்.)

2

அவருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பொருத்துவார். அதனால் எங்கள் வீட்டில் பறவைகளுக்குப் பெயர் கிடையாது, அட்டையில் இருக்கும் நிற எண்தான். தேன்சிட்டு மட்டும் தண்ணி காட்டியது. கருநீலத்தில் ஒரு அட்டை ஏறக்குறைய ஒத்துப்போகும், பறவை கழுத்தைத் திருப்பினால் ஒத்துப்போகாது.

ஒரு காலையில் அதே கிளையில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது. தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு. அதே வாரம் ஒரு வாடிக்கையாளர், அண்ணன் கலந்து கொடுத்த பெயிண்ட் வாளியைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதலில் வாங்கியதும் இரண்டாவதாக வாங்கியதும் ஒரே சுவரில் வேறு வேறாகத் தெரிகிறதாம். கடை முதலாளி திட்டவில்லை. புது டப்பாவைத் திறந்தார். நீலப் பறவை மஞ்சளாகத் தெரிந்ததையும் வாளி திரும்பி வந்ததையும் அண்ணன் சேர்த்துப் பார்த்து, கண் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கண் போனால் வேலையும் போச்சு.

[இங்கே அவர் மனத்துக்குள் புகுந்து 'இருள் மெல்ல மெல்ல' என்று ஒரு பத்தி எழுதிக் கிழித்துப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான். அண்ணியைக் கூப்பிட்டு, "அங்க உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டிருக்கிறார். அண்ணி பஸ் கண்டக்டர், வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் இருந்தவர், "பறவை தெரியுது" என்றிருக்கிறார். பாவம் பார்த்து நிறத்தைச் சொல்லாமல் மறைக்கிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டார்.]

3

முதல் பிரதியில் அண்ணியைக் கண்ணீர் விட வைத்திருந்தேன். நம்பாதீர்கள். விடுமுறை நாளில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சொன்னார்:

"இது அதே ஆளுதாங்க. இடது கால்ல ஒரு விரல் மடங்கியே இருக்கு பாருங்க. ஸ்கூட்டர் கண்ணாடியில தன்னையே கொத்திக்கிட்டு தினமும் போடற அதே சண்டை. என் பஸ்ல வர்றவங்க சட்டையை மாத்திட்டா ஆளே மாறிட்டாங்கன்னு அர்த்தமா?"

அண்ணன் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காலைப் பார்த்தார். அதுவரை அவர் அதன் காலைப் பார்த்ததே இல்லை.

* ஓர் இடைச்செருகல். நானும் தேடிப் படித்தேன். இந்த வகைத் தேன்சிட்டில் ஆண், குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் கருநீல இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போல மஞ்சளாகிவிடுமாம், அந்தக் கோடு மட்டும் மிஞ்சுமாம். அந்த நீலமும் சாயம் இல்லை, இறகில் வெளிச்சம் விழும் விதம். திரும்பினால் கறுப்பு, இன்னொரு பக்கம் பச்சை. "அப்போ இத்தனை நாளா நான் வெளிச்சத்துக்கா அட்டை பிடிச்சேன்?" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

4

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாறியது பறவை, கண் இல்லை; அண்ணன் துள்ளிக் குதித்துக் கடைக்குக் கிளம்பினார் என்று எழுதினேன். சுபம். அண்ணியிடம் படித்துக் காட்டினேன்.

"பறவை இறகு மாத்திச்சு, சரி. சுவரு?" என்றார்.

'சுபம்' என்பதை அடித்தேன். பறவை அதே பறவை என்பதால் அண்ணன் கண் சரி என்று ஆகிவிடாது. ஒரு வழியாக அண்ணிதான் அவரைக் கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

5

காத்திருக்கும் அறையில் சுவர் இளம்பச்சை. அண்ணன் அட்டையை எடுக்கவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. என் பையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் கண்ணில் குறையே இல்லை, தப்பு இரண்டாவது வாளியில். இன்னொன்றில் கண்ணில் திரை விழ ஆரம்பித்திருக்கிறது. அண்ணன் இரண்டையும் வாங்கிப் படித்தார்.

"ரெண்டும் வேணாம். டாக்டர் என்ன சொன்னாலும் எழுதாதே. கடையில படிப்பாங்க."

நல்ல செய்தியாக இருந்தால் எழுதலாமே என்றேன்.

"நல்லதுன்னா நீ எழுதுவே, இல்லைன்னா விட்டுடுவேன்னு வெச்சுக்கோ. அப்போ நீ விட்டதுலயே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அதனால இப்பவே சொல்லிடறேன், எதுவா இருந்தாலும் எழுதாதே."

எழுதுவது என் தொழில், எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்து எங்கள் இருவரிடமும் சொன்னார்.

6

அதை நான் எழுதப் போவதில்லை.

அடுத்த வாரம் அண்ணன் கடைக்குப் போனார். இப்போதெல்லாம் நிறம் கலந்து முடித்ததும் வாடிக்கையாளரை வாசல் வெயிலுக்குக் கூட்டிப் போகிறாராம். கலந்த நிறத்தை ஒரு துண்டுப் பலகையில் தடவி, அவர்கள் கொண்டுவந்த மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து, "உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்கிறாராம். கவனமான ஆளும் அப்படிக் கேட்பார், பயந்த ஆளும் அப்படித்தான் கேட்பார்.

உங்கள் வீட்டில் பாதிச் சுவர் பெயிண்ட் அடிக்கப் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கிறீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை என்று உங்களுக்குத் தெரிகிறது. அவரிடம் சொல்வீர்களா?