ஓடைக்கீரைச் சாறு

தையல்காரியின் கணவர் ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் சொல்லித் தருபவர். தெருவில் ‘பச்சை வாத்தியார்’ என்று பெயர். அடுப்பில் ஏறியதெல்லாம் பிணம் என்பார். வைத்தியத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் பார்த்ததுதான்; அதையும் முழுசாகப் பார்க்கப் பொறுமை கிடையாது, பாதியிலேயே பிரசங்கத்துக்குக் கிளம்பிவிடுவார்.

ஆடு மாடு இறங்கும் ஓடையிலிருந்து கீரையைப் பிடுங்கி வருவார். அலசக் கூடாது, அலசினால் உயிர்ச்சத்து போய்விடுமாம். தினமும் காலையில் மனைவிக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு டம்ளர் பச்சைச் சாறு. மகள் முகத்தைச் சுளித்தால் மூக்கைப் பிடித்து ஊற்றுவது தையல்காரியின் வேலை.

அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. "கழிவு வெளியேறுது, சந்தோஷப்படு" என்றார். காய்ச்சல் வந்தபோது இன்னும் சந்தோஷப்படச் சொன்னார். ஒருநாள் அவள் மெஷின் மேலேயே சுருண்டு விழுந்தாள். அவளுடைய அக்கா வந்து, அவரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

"பித்தப்பை வீங்கிப் புண்ணாயிருக்கு" என்றார் டாக்டரம்மா. "பித்தக்குழாய்ல தட்டைப்புழு. ஈரல்ல குடியிருக்கிற ரகம். தண்ணியில வளர்ற கீரையைப் பச்சையா சாப்பிட்டீங்களா?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "இயற்கையில எப்படிம்மா புழு…"

"இயற்கையிலதான் சார் புழு இருக்கு. பையை எடுத்தாகணும், புழுவுக்கு மாத்திரை தரேன். அந்தச் சாறை வீட்ல வேற யார் குடிச்சாங்க? அவங்களையும் பார்க்கணும்."

"பொண்ணு" என்றாள் தையல்காரி. "என் கையாலேயே ஊத்தினேனே."

டாக்டரம்மா வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"எனக்கு டெஸ்ட் வேண்டாம்."

"பயப்படாதீங்க, கொஞ்சம் ரத்தம்தான் எடுப்போம்."

"அதுக்கில்ல… எனக்கு அந்தச் சாறு வாடையே ஆகாது. குமட்டும்."

தையல்காரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. இந்த ஆளுக்குப் போய் அதை வேறு செலவழிப்பானேன் என்றிருந்தது.

சாயங்காலம் கட்டிலருகே வந்து அசடு வழிய நின்றார். "காலைல வரப்போ என்ன கொண்டு வரட்டும்?"

"இங்க ஒண்ணும் வேண்டாம். பொண்ணோட துணிமணி, ஸ்கூல் பை எல்லாத்தையும் அக்கா வீட்ல கொண்டு போய்க் குடுத்துடுங்க" என்றாள். "என் மெஷினையும்."