பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

புறநகரான ஃப்ளோரெஷ்டிலிருந்து க்ளூஜ் நகருக்குள் போகும் சாலையில் அன்றும் வண்டிகள் எறும்பாய் ஊர்ந்தன. பின் இருக்கையில் நாலு வயது இலிங்கா, "அப்பா, டீச்சர் பாட்டை ஆரம்பிச்சிருப்பாங்க" என்று சிணுங்கினாள். வண்டியை ஓட்டிய அவள் அப்பா ஹொராட்சியுவுக்கு மென்பொருள் நிறுவனத்தில் கை நிறையச் சம்பளம். ஆனாலும் அந்தச் சாலை தினமும் அவன் உயிரை வாங்கியது.

அதனால்தான் அவளுடைய மழலையர் பள்ளிக்கு அடுத்த தெருவில் ஒரு வாடகை வீடு இருப்பதாகத் தெரிந்ததும் உடனே வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்தான்.

"இப்ப குடியிருக்கிறவங்க?" என்று கேட்டான்.

"அதை நான் பாத்துக்கறேன் சார். ஏத்தின வாடகையைக் கட்ட முடியாதவங்க காலி பண்ணித்தானே ஆகணும்?" என்றார் வீட்டுக்காரர் வாலெர்.

ஹொராட்சியு அதற்கு மேல் கேட்கவில்லை. பழைய வாடகையைப் போல இரு மடங்கு தருவதாகச் சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை மகளோடு வீட்டைப் பார்க்கப் போனான். வாலெர் மணியடித்தார். கதவு திறந்தது.

"டீச்சர்! எங்க வீட்டுல நீங்க என்ன பண்றீங்க?" என்று கூவியபடி இலிங்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் ஸ்மராண்டா டீச்சர். அவருக்குப் பின்னால் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள். அவர் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு குழந்தையின் தலையைத் தடவி, "உனக்காக வீட்டைச் சுத்தம் பண்ணி வைக்கறேன்டா கண்ணு" என்றார்.

ஹொராட்சியுவுக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. பாயா மாரே என்ற ஊரிலிருந்து இங்கே குடிவந்த புதிதில் இலிங்கா யாரோடும் பேசவில்லை. வகுப்பில் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். இந்த டீச்சர் தானும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, சமையல்காரம்மாவிடம் சூப்புக் கிண்ணத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்துதான் அவளைப் பேச வைத்தார்.

"எங்க போறீங்க டீச்சர்?" என்று கேட்டான்.

"துர்தா ஊருல இருக்கற அக்கா வீட்டுக்கு. அங்கேருந்து பஸ் பிடிச்சு வந்து காலையில பள்ளியைத் திறக்க முடியாது. வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டேன். நம்ம பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாவும் வாடகை கட்ட முடியாம போன மாசமே போயிட்டாங்க. இனி பள்ளியை நடத்த ஆளில்லை."

ஹொராட்சியு வாலெர் பக்கம் திரும்பினான். "எனக்கு இந்த வீடு வேணாம்."

"அட, என்ன சார்! நீங்க இல்லேன்னா இன்னொரு கம்ப்யூட்டர்காரர் வருவார். ஊர்ல எல்லாரும் ஏத்தறாங்க. நான் மட்டும் கேணையனா?"

"சரி, நான் ஏன் இவ்வளவு தர்றேன்னு சொன்னேன்? இந்தச் சுவருக்கா? பக்கத்துல இந்தப் பள்ளிக்கூடம் இருக்கு, அதுல இவங்க இருக்காங்கன்னுதான். இவங்களையும் அனுப்பிட்டு, பூட்டின பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல எனக்கு எதுக்கு வீடு? எங்க கம்பெனி இந்த ஊருக்கு வந்ததே, இங்க குடும்பத்தோட நிம்மதியா வாழலாம்னுதான். அது போச்சுன்னா நாங்களும் பெட்டியைக் கட்டிடுவோம். அப்புறம் யார்கிட்ட வாடகை கேப்பீங்க?"

வாலெர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "என் பேரனும் அடுத்த வருஷம் அங்கதான் சேரணும்..." என்று தனக்குள் முனகிக்கொண்டார். பிறகு சற்று முறைப்பாகவே, "வீட்டைச் சூடாக்கற கேஸ் விலை ஏறிடுச்சு டீச்சர். பழைய வாடகைக்கு மேல அதுக்குக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க, போதும். பெட்டியைப் பிரிங்க" என்றார்.

ஸ்மராண்டாவுக்குக் கண் நிறைந்தது. "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை" என்று ஹொராட்சியுவின் கையைப் பற்றிக்கொண்டார்.

"நான் சொல்ல வேண்டிய நன்றி டீச்சர் அது. இவ முதல் முதல்ல பேசின அன்னிக்கே சொல்லியிருக்கணும். என் சம்பளம்தான் இந்த ஊரை வளர்க்குதுன்னு நெனச்சிட்டிருந்தேன். எங்க பிள்ளைங்களைப் பாத்துக்கறவங்களுக்கு இடமில்லாத ஊரு எவ்வளவு பெருசானாலும் அது வளர்ச்சி இல்லை."