மேகத்துக்குக் கதவு

நாங்கள் வரைந்துகொண்டிருக்கும் கோபுரத்தில் இருபதாம் மாடிக்கும் இருபத்து நாலாம் மாடிக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. மலை ஓவியத்தில் மேகத்துக்காக விட்டுவைக்கும் வெற்றுத்தாள் மாதிரி, தெற்குப் பார்த்த பெரிய திறப்பு. எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞர் ஷாங் சாரின் கற்பனை. நல்ல கற்பனைதான். ஆனால் அதை மூடத் தடுப்புப் பலகைகள் வேண்டும் என்றேன். வரைபடக் கட்டில் பதினாலாம் தாளில் வரைந்தும் கொடுத்தேன்.

அவர் பனி பெய்யும் வடகோடி ஹார்பின்காரர். டிசம்பரில்தான் தெற்கே குவாங்சோவுக்கு வந்தார்.

"ஓவியத்துக்கு யாராவது கதவு வைப்பாங்களாம்மா?" என்று அந்தத் தாளின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்.

"மார்ச்ல தெற்குக் காத்து அடிச்சா இங்க சுவரே வேர்க்கும் சார். தரை வழுக்கும்."

"துடைச்சுக்கலாம்."

யார் துடைப்பது? என் அம்மா அலுவலகக் கட்டடங்களில் தரை துடைக்கிறாள். அந்தக் கூலியில்தான் நான் படித்தேன். போன மார்ச்சில் துடைத்த இடத்திலேயே வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பாவம் என்பார். கோடு அப்படியே இருக்கும்.

மறுநாள் காலை, பணம் போடும் கம்பெனியின் தலைவி ஓவ் மேடம் பார்வையிட வருவதாக இருந்தது. நான் போனபோது கூட்ட அறையின் தெற்கு ஜன்னல்கள் எல்லாம் ஏழு மணியிலிருந்தே திறந்து கிடந்தன. இந்த ஊரில் பிறந்த எவரும் மார்ச் மாதத்தில் செய்யாத காரியம்.

"மூடிடலாம் சார்."

"உனக்கு எதைப் பார்த்தாலும் மூடணும். எவ்வளவு நல்ல காத்து வருது பாரு."

விட்டுவிட்டேன்.

ஓவ் மேடம் உள்ளே இரண்டு அடி வைத்ததும் வேர்த்திருந்த தரையில் சறுக்கி, மேசையைப் பிடித்துக்கொண்டார். மேசையின் மேல் மெல்லிய அரிசித்தாள் ஒட்டிய எங்கள் கோபுரத்தின் அட்டை மாதிரி ஈரத்தில் ஊறி, மேகத் திறப்புக்கு மேலே மடிந்து தொங்கியது.

"எந்தப் புண்ணியவான் இந்த மாசத்துல ஜன்னலைத் திறந்தது? வடக்கத்தி ஆளா?"

ஷாங் கைக்குட்டையால் கோபுரத்தை ஒற்றினார். தாள் கையோடு உரிந்து வந்தது.

நான் பதினாலாம் தாளை விரித்தேன். மேடம் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"இந்தப் பலகை இருந்தா கட்டலாம். யாரோட யோசனை?"

"எங்க குழுவோடது மேடம்," என்றார் ஷாங்.

"இல்ல மேடம், என்னோடது," என்றேன். "சாரோடது அந்தச் சிவப்புக் கோடு."

மேடம் கோட்டைப் பார்த்தார். பிறகு ஷாங்கைப் பார்த்தார்.

"பலகை இருக்கட்டும். முதல்ல அந்த ஜன்னலை யாராவது மூடுங்க."

நான் நகரவில்லை. ஷாங் போய் மூடினார்.