காற்றுப் புகாத வீடு

ஜன்னல் பொருத்துவதுதான் என் அத்தானின் தொழில். அவர் பொருத்திய ஜன்னலில் இம்மியளவு காற்று நுழைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

அக்கா பெண் சிட்டுவுக்கு நாலு வயது. மழை தொடங்கியதிலிருந்து இழுப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ மெல்ல விசில் அடிப்பது போல இருக்கும். விசில் கேட்ட மறுநாள் அத்தான் அவள் அறை ஜன்னலின் ஓரத்தில் ஒரு வரிசை ரப்பர் ஒட்டுவார். "எங்கயோ குளிர்காத்து வருது." மறுபடி விசில். இன்னொரு வரிசை. "பத்து நாள்ல குறையலேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க" என்று டாக்டர் சொன்னதும் பசையைப் பிதுக்கி இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டார்.

ஒத்தாசைக்கு வந்த நான், சிட்டுவின் ஒற்றைச் செருப்பைத் தேடி அவள் அறை அலமாரியை நகர்த்தினேன்.

"அக்கா! இங்க ஒரு காடே இருக்கு!"

தரையிலிருந்து என் தோள் உயரம் வரை சுவரெங்கும் கரும்பச்சைப் பூஞ்சை. அக்கா ஓடிவந்து பார்த்தாள்.

"ஐயோ, குழந்தை இது பக்கத்துலதானே படுக்கறா! இதையா மூச்சுல இழுத்துட்டிருந்தா?"

சிட்டுவை மாடி வீட்டில் விட்டுவிட்டு அத்தானை அழைத்தோம். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "வெளியில இருந்து ஈரம் வருது. இன்னொரு வரிசை ரப்பர்..."

"அத்தான்!"

"சந்தேகமா? இரு." தொழில் வழக்கப்படி, காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னல் விளிம்பெல்லாம் காட்டினார். சுடர் கண்டிப்பான வாத்தியார் மாதிரி விறைப்பாக நின்றது. "ஆடுதா பாரு! நம்ம கை வேலைன்னா சும்மாவா?"

அறைக்குள் கட்டியிருந்த துணிக்கொடியை நான் காட்டினேன். "தினம் இத்தனை ஈரத்துணி இங்கதான் காயுது. அந்தத் தண்ணியெல்லாம் எந்த வழியா வெளிய போச்சு அத்தான்?"

அவர் சுடரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "ஆ!" என்றார். விரலில் மெழுகு வழிந்ததற்கா, விஷயம் புரிந்ததற்கா, தெரியவில்லை.

"நானேதான் குழந்தைய டப்பாவுல போட்டு மூடியிருக்கேனா?"

"விசாரணைய அப்புறம் வெச்சுக்கலாம்" என்றாள் அக்கா. "ஜன்னலத் திறங்க."

திறந்தால்தானே! கத்தி, கரண்டி, திருப்புளி, மூன்று பேர் பலம். எதற்கும் அசையவில்லை. வியர்த்து வழிந்தபடி அத்தான், "என்னா வேலை பாரு, பிசிறே இல்ல!" என்றார்.

"பெருமைய ஓரமா வெச்சுட்டு ரப்பரப் பிடுங்குங்க!" என்று அக்கா கத்தினாள்.

படீரென்று திறந்தது. மூவரும் ஒருவர்மேல் ஒருவராகத் தரையில் குவிந்தோம். காற்று உள்ளே பாய்ந்து துணிகளைப் பறக்கவிட்டது. அக்காவின் உள்பாவாடை அத்தான் தலையில் முக்காடாக இறங்கியது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு முகமூடி, கையுறை, சோப்புத் தண்ணீர். தேய்த்தோம், துடைத்தோம், மின்விசிறி வைத்து உலர்த்தினோம். பூஞ்சை ஏறிய மெத்தையைத் தூக்கி எறிந்தோம். கொடி வெளி வராந்தாவுக்குப் போனது. சிட்டு மருந்தோடு கூடத்தில் படுத்தாள். ஜன்னல்கள் தினமும் திறந்தன.

பத்தாம் நாள் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, "சேர்க்க வேண்டாம், மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். எங்களுக்கு அது போதவில்லை. மத்தியானம் அவள் தூங்கியதும் மூவரும் தரையில் மண்டியிட்டு அவள் முதுகருகே காதை நீட்டினோம். விசில் இல்லை. நம்பாமல் அத்தான் இன்னும் நெருங்கினார். மீசை குத்தி அவள் விழித்துக்கொண்டாள்.

"மூணு பேரும் என்ன பண்றீங்க?"

"உன் மூச்சக் கேக்கறோம்டி கண்ணு" என்றாள் அக்கா.

"ஏன், உங்ககிட்ட மூச்சு இல்லையா?"

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து ஓடினாள். கூடத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு துரத்திய அத்தான்தான் மூச்சு வாங்கிச் சுவரில் சாய்ந்தார்.

"ஜன்னல்கிட்ட போய் நில்லுப்பா" என்றாள் சிட்டு. "காத்து வரும்."